நாலாம் நம்பரின் இடது பக்கம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஐம்பத்தாறு வயதில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டேன். ஸ்டேடியத்தில் வீரர்களின் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய வரிசை. நம் சென்னை ஹார்பர் அணி கோல் போட்டது. துள்ளி எழுந்து பக்கத்து நாற்காலிக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை. ஆஃப்சைடு. மொத்த ஸ்டேடியமும் அடங்கிய பிறகு நான் ஒருவன் மட்டும் ஒரு மனிதரை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். இறக்கிவிட்ட பிறகுதான் தெரிந்தது, அவர் எதிரணியான புனே கீப்பரின் அப்பா. மராத்தியில் ஏதோ சொன்னார். அர்த்தம் புரியவில்லை. பாராட்டு இல்லை என்று மட்டும் புரிந்தது.

எப்படியோ ஆட்டம் டிரா. அந்த ஒரு பாயிண்டில் ஹார்பருக்கு நாலாம் இடம். நாலு அணிதான் பிளே-ஆஃபுக்குப் போகும், அதில் ஜெயிக்கிற ஒன்றுதான் மேல் லீக்குக்கு ஏறும். என் மகன் நிர்மல் தொண்ணூறு நிமிடமும் ஆடினான். நாலாம் நம்பர் சட்டை, ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னால் கடைசிச் சுவர் அவன்தான்.

அணி பஸ்ஸில் ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் இடது காலையே முதலில் வைத்தான். வலது கால் பின்னாலேயே வந்து சேர்ந்தது. நடை பழகும் குழந்தை படி ஏறுவது போல. அசதியாக இருக்கும்.

பிரஷர் 140/90. டாக்டர் இந்த டைரியை வாங்கச் சொன்னது இதை எழுதத்தான். மற்றதெல்லாம் என் கொழுப்பு.

மார்ச் 5, செவ்வாய்

பஸ் டிப்போவில், வேலையில், டயர் செக்‌ஷனில் இருந்தேன். நிர்மல் வீட்டுக்குப் போகாமல் நேராக டிப்போ வாசலுக்கு வந்து நின்றான். எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"ப்பா, கத்தாம கேளு. ஸ்கேன் எடுத்தேன். கிளப் டாக்டராண்ட இல்ல, வெளிய. வலது முட்டில ஜவ்வு பாதி கிய்ஞ்சிகீது."

"பாதின்னா?"

"பாதின்னா பாதிதான். மீதிப் பாதில ஓடினு கீறேன்."

மூன்று மாதம் பந்தையே தொடக் கூடாதாம். தொட்டு, ஒரு தடவை முட்டி திருகிக்கொண்டால் மீதியும் போய்விடும். இருபத்தெட்டு வயசுக்கு அதன் பிறகு இந்த மட்டத்தில் ஆட முடியாது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பிளே-ஆஃப் ஆடிக் காட்டினால் இன்னும் இரண்டு வருடம் என்று கிளப் சொல்லியிருக்கிறது.

"அடின்னு தெரிஞ்சா டாட்டா காட்டிடுவாங்கப்பா. ஊசி போட்டுக்குனு ஆடிடுவேன். ரெண்டே மேட்சு."

"கோச்சாண்ட ஒரு வார்த்த..."

"கோச்சாண்ட சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. என் தலைல கைய வெச்சி சத்தியம் பண்ணு."

ஆறடி ஆள். என் கை எட்டுவதற்காகக் குனிந்தான். டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பார்கள்.

டீயில் சர்க்கரை போடச் சொன்னேன். எனக்குச் சர்க்கரை ஆகாது.

மார்ச் 7, வியாழன்

எங்கள் ஏரியாவில் பந்து உதைக்காதவன் பந்தைப் பற்றிப் பேசுவான். நான் இரண்டும் செய்தவன். டிப்போ அணிக்கு நான் கீப்பராக நின்ற காலத்தில் ஒரே மேட்சில் ஏழு கோல் வாங்கியிருக்கிறேன். ஆகவே பலவீனம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்று கஜாவின் சலூனில் தராசு எழுதினோம். எந்தப் பெரிய போட்டி வந்தாலும் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் அணிக்கு ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி, ஒரு பக்கம் பலம், மறு பக்கம் பலவீனம் என்று எழுதுவது எங்கள் வழக்கம். இருபது வருடமாக எழுதுகிற கை என்னுடையது. இரண்டு சட்டம் உண்டு. சொந்த அணிக்கு பலவீனத்தைத்தான் முதலில் எழுத வேண்டும், சலுகை கிடையாது. எழுதியதை அடிக்கக் கூடாது. அடிக்க வேண்டுமானால் அது பொய் என்று ஐந்து பேர் முன்னால் வாதாடி நிரூபிக்க வேண்டும்.

முதலில் ஷில்லாங் ஹில்ஸ். எண்பதாவது நிமிடத்திலும் முதல் நிமிடம் போல ஓடுவார்கள். ஆனால் குள்ளம், உயரத்தில் வருகிற பந்துக்கு அண்ணாந்து பார்ப்பதோடு சரி. மார்ச் மாத வெயிலும் அவர்களுக்கு ஆகாது. அடுத்து ஹூக்ளி அத்லெடிக். பந்தைக் காலடியிலேயே வைத்து ஊறப்போடுகிற அனுபவசாலிகள், எதிராளிக்குக் கோபம் வந்து தப்பு செய்ய வைப்பார்கள். பலவீனம், ஏழு பேர் முப்பதைத் தாண்டியவர்கள். "ஆஃப் டைம்ல ஜூஸுக்கு பதிலா தைலம் குடுப்பாங்கண்ணா," என்றான் லோகு, ஆட்டோ ஓட்டுகிறவன். அதையும் எழுதினேன்.

முதலிடத்தில் முடித்த மலபார் டைட்டன்ஸோடுதான் நமக்கு அரையிறுதி. அவர்களின் எட்டாம் நம்பர் ஐம்பது கஜத்திலிருந்து தூக்கிப் போடுகிற பந்து, இலையில் அப்பளம் வைக்கிற மாதிரி சொன்ன இடத்தில் விழும். பலவீனம், கார்னர் அடித்தால் அவர்கள் கீப்பர் கோட்டை விட்டு வெளியே வரமாட்டான். ஒரு கோல் வாங்கினால் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொள்வார்கள்.

கடைசியில் ஹார்பர். பேனாவை மூடித் திறந்தேன்.

எழுதினேன்: "4-ம் நம்பர் இடது பக்கம் திரும்ப ஒரு நொடி தாமதம். அவன் இடது தோளுக்கு மேல் பந்து போனால் வாசல் திறந்த வீடு."

முட்டி என்ற சொல்லே அதில் இல்லை. கண் இருக்கிற எவனும் பார்க்கக்கூடியதைத்தான் எழுதியிருக்கிறேன்.

"பெத்த புள்ளையையே வுடல பாத்தியா," என்றான் கஜா, கத்திரியை நிறுத்திவிட்டு. "அதான்டா டில்லிண்ணன்!"

லோகு கை தட்டினான். முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூடத் தட்டினார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஹார்பர் கோச் சனிக்கிழமை காலை முடி வெட்ட வருவார் என்று கஜா பேச்சுவாக்கில் சொன்னான். அது வேறு விஷயம்.

மார்ச் 8, வெள்ளி

பதினாலு டயர் மாற்றினோம். கஜா எப்போதும்போல சுவரைப் போட்டோ எடுத்து ஏரியா குரூப்பில் போட்டிருக்கிறான். நூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டியிருக்கிறார்கள். நான் எண்ணவில்லை. சரி, எண்ணினேன்.

மார்ச் 9, சனி

நேற்று சவரம் செய்த முகத்தோடு இன்றும் சவரம் செய்யப் போனேன். கஜா என் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, எத்த வழிக்கறது? தோலயா?" என்றான். சும்மா உட்கார்கிறேன் என்றேன்.

கோச் பத்து மணிக்கு வந்தார். கோவாக்காரர், நல்ல மனிதர், என்னைப் பார்த்து "அங்கிள், குட்?" என்று கேட்டார். குட் என்றேன். துண்டைப் போர்த்தி உட்கார வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் பேப்பரைப் புரட்டினேன். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் நன்றாக விழும் என்று கஜாவிடம் சொன்னேன். திருப்பினான். கோச் கண் திறந்தார். நேர் எதிரே சார்ட்.

"வாட் இஸ் திஸ்?" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது.

கஜா தன் இங்கிலீஷில் விளக்கினான். வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாதல்லவா, ஹார்பரின் பலத்தை மட்டும் சொன்னான். ஃபைட்டிங், டிசிப்ளின், குட் கோச். அவர் மகிழ்ச்சியாகப் போய்விட்டார்.

நான் ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் மின்சாரம் இல்லை, சலூனில் ஃபேன் ஓடியது.

பிரஷர் 150/95.

மார்ச் 10, ஞாயிறு

அந்த வரியை அடித்துவிடலாம் என்று மார்க்கர் பேனாவோடு போனேன். கஜா கையைப் பிடித்துக்கொண்டான்.

"சட்டம் நீ போட்டதுண்ணா. பொய்னு நிரூபி, அடி."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஐந்து என்ன, பத்து பேர் இருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். நாலாம் நம்பர் நன்றாகத்தான் திரும்புகிறான், நான் அவசரத்தில் எழுதிவிட்டேன் என்றேன். லோகு உடனே போனை எடுத்து புனே மேட்சின் வீடியோவைக் காட்டினான். "இங்க பாரு, முப்பத்தஞ்சாவது நிமிஷம். நீ சொன்னதுதான் கரீட்டு. நம்ம ஆள் திரும்பறதுக்குள்ள அவன் டீ குடிச்சுட்டு வந்துருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இன்னாத்துக்கு இப்போ அடிக்கற? வூட்ல திட்டு வாங்குனியா?" என்றான் கஜா.

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்கள். "பெத்த பாசம்" என்று கேலி செய்து அடிக்க விட்டிருப்பார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். மூடி போடவில்லை. சட்டை போச்சு.

மார்ச் 12, செவ்வாய்

என் வீட்டுக்காரி அமுலு ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "மீன் வெக்க எடமில்ல. இத்தினி ஐசு யாருக்குய்யா?"

பல் வலி என்றேன்.

"உனக்கா அவனுக்கா?"

எனக்கு என்றேன். என் வாயைப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்க்கிற வாய். ராத்திரிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வீட்டில் மற்றவர்களுக்குச் சுறாப் புட்டு.

மார்ச் 13, புதன்

டிப்போவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சனிக்கிழமை டிவியில் என் பையன் வருகிறான் என்று. நான்தான் சொன்னேன். மேனேஜரிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை அவர் போனில் இருந்தார்.

சாயங்காலம் கஜா கூப்பிட்டான். "டில்லிண்ணா, உன் ரேஞ்சே வேற! மலபார்ல வீடியோ பாத்து கோச்சுக்கு சொல்ற வேல பண்றானே ஜெபா, நம்ம கண்ணிகாபுரம் பையன், அவன் நம்ம சுவரு போட்டோவுக்குக் கட்ட வெரல் போட்டுகீறான்!"

ஒரு கணம் பெருமையாக இருந்தது. ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பிரஷர் பார்க்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

நிர்மல் காலையில் கிளம்பினான். கிளப்புக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் கோழிக்கோடு. பையை நான் தூக்கிக்கொண்டேன். மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கினான், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் வலது கால் முதலில். பதினெட்டுப் படி. பையில் கனம் இல்லை, எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

லோகுவின் ஆட்டோ வந்து நின்றது. நிர்மல் ஏறாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாப்பா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. கார்னர் வந்தா மேல போ. அவன் கீப்பர் வெளிய வரமாட்டான்."

"சரி."

"வேளைக்கு சாப்புடு."

"சரிப்பா."

இன்னும் கொஞ்சம் நின்றான். லோகு ஹாரன் அடித்தான். ஏறிப் போய்விட்டான்.

மாலையில் ஒரு சட்டை வாங்கினேன், நீலம், ஹார்பர் நிறம். பழையதில்தான் மை கொட்டிவிட்டதே.

மார்ச் 16, சனி

சலூனில் டிவி. ஐந்து மணி ஆட்டம். முன் நாற்காலி எனக்கு. அமுலு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

பன்னிரண்டாவது நிமிடம் கார்னர். பந்து உள்ளே வந்தது. கீப்பர் கோட்டிலேயே நின்றான். நிர்மல் மேலே போனான். எல்லாத் தலைக்கும் மேலே அவன் தலை. கோல். சலூன் வெடித்தது. கஜா என் தலையில் பவுடரைக் கொட்டினான். "சுவத்துல எழுதுன மாதிரியே நடந்துச்சுடா!" என்று லோகு கத்தினான். மலபார் ஆட்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதை கேமரா காட்டியது. அதுவும் எழுதியதுதான். முப்பத்து மூன்று நிமிடம் நான் உலகத்திலேயே புத்திசாலியாக இருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அவர்களின் எட்டாம் நம்பர் நிர்மலின் வலது பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டாவது நிமிடம் ஒரு பந்து, நிர்மலின் இடது தோளுக்கு மேல். தடுமாறித் திரும்பினான், பந்து வெளியே போனதால் தப்பித்தோம். ஐம்பத்து நாலு, அதே இடம். கோல். ஐம்பத்தெட்டு, அதே இடம். கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

லோகு டிவியை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணா," என்றான் மெதுவாக, "இது நம்ம சார்ட்டுண்ணா."

அறுபத்து மூன்று. பந்து மேலே வந்தது. நிர்மல் இந்தத் தடவை முன்கூட்டியே திரும்பினான், வலது காலை ஊன்றி, வேகமாக. யாரும் அவனைத் தொடவில்லை. அருகில் ஆளே இல்லை. முட்டி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். புல்லைக் கையால் அறைந்தான். டிவிக்காரர்கள் அதை நாலு முறை காட்டினார்கள், ஒரு முறை மிக மெதுவாக.

ஸ்ட்ரெச்சர் போன பிறகு கஜா எழுந்து போய் ஹார்பர் சார்ட்டைச் சுவரிலிருந்து கிழித்தான். யாரும் வாதாடச் சொல்லவில்லை.

மூன்றுக்கு ஒன்று.

மார்ச் 17, ஞாயிறு

தலையில் பவுடர் இன்னும் போகவில்லை.

மார்ச் 20, புதன்

இங்கே சென்னை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நேற்று ஆபரேஷன். நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். நான் காத்திருந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அமுலு கேட்டாள். டாக்டர் தலையை இடம் வலமாக ஆட்டினார்.

வெளியே பெஞ்சில் அவள் என்னிடம் பேசினாள், மூன்று நாளில் முதல் தடவையாக. "கால்ல முள்ளு குத்துனாக்கூட ஊரக் கூட்டி சொல்ற ஆளு நீ. இத மட்டும் எப்டிய்யா வாய மூடிக்குனு இருந்த?"

பதில் எதிர்பார்க்காமல் இட்லி வாங்கப் போய்விட்டாள்.

உள்ளே போனேன். நிர்மல் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினான்.

"போட்டோ மேட்சுக்கு மொத நாள் வெள்ளிக்கிழமையே எனக்கு வந்துச்சுப்பா. ஓட்டல்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"பாத்துட்டும் ஏன்டா எறங்குன?"

"ஆடற லிஸ்ட்ல பேரு இருந்துச்சு."

நர்ஸ் வந்து டிரிப்ஸைப் பார்த்துவிட்டுப் போனார். அதுவரை இருவரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்பா எழுதுன?"

"சட்டம்டா. சொந்தக்காரனுக்கு சலுகை கெடயாது."

அவன் சிரிக்கவில்லை. "கோச்சு படிக்கட்டும்னு எழுதுன. படிச்சா என்னை உக்கார வெப்பாரு, நீ சத்தியத்த மீறுன மாரியும் இருக்காது. அதான?"

தலையை ஆட்டினேன்.

"அந்தாளுக்கு தமிழே தெரியாதேப்பா."

இதற்குச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததில் கால் அசைந்து அவன் முகம் சுருங்கியது. நான் எழுந்தேன். உட்காரச் சொல்லிக் கை காட்டினான். வலி அடங்கும்வரை காத்திருந்து, இப்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"சுவத்துக்கு சொன்னத என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஆடாதடான்னு?"

"நீதானடா சத்தியம் வாங்குன."

"கோச்சாண்ட சொல்லாதன்னு வாங்குனேன். அம்மாகிட்ட சொல்லாதன்னு வாங்குனேன். என்கிட்ட சொல்லாதன்னு எப்பப்பா வாங்குனேன்? அன்னிக்கு ஆட்டோல ஏறாம எவ்ளோ நேரம் நின்னேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்பது போலக் கேட்டான்.

"தோணலடா," என்றேன். "பத்தாங்கிளாஸ் மூளைதான, அவ்ளோ தூரம் போவல."

"சரி வுடு," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

தோன்றாமல் இல்லை. டீக்கடையில் தோன்றியது, சலூனில் தோன்றியது, பதினெட்டுப் படியிலும் தோன்றியது. அவனிடம் நான் சொல்லாதது வேறு. நீ ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்ததுடா.